வென்றால் நம்மவர், தோற்றால் வந்தேறி

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று கால்பந்து பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். ‘நம் கூட்டத்தில் பந்துக்கு என்ன வேலை?’ என்று கேட்டார்கள். நான் பேசவிருக்கும் மனிதரின் வாழ்க்கையே அதற்குப் பதில் சொல்லும்.

அவர் பெயர் மெசூத் ஓசில். ஜெர்மனியின் நடுக்கள ஆட்டக்காரர். 2014இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். அந்த இறுதிப் போட்டி நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கியது. உங்களில் சிலர் கண்விழித்துப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின் நான்கே ஆண்டுகளில், 29 வயதில், ‘இனி ஜெர்மனிக்காக ஆடமாட்டேன்’ என்று அறிவித்துவிட்டு வெளியேறினார். காரணம் காயம் அல்ல, வயதும் அல்ல. இனவெறியும் அவமதிப்பும்தான் என்று அவரே எழுதினார். வென்றால் என்னை ஜெர்மானியன் என்கிறார்கள், தோற்றால் குடியேறி என்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இந்தக் கதையை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இனவெறிக்குப் பலியான வீரர் என்பது ஒரு கதை. சர்வாதிகாரியோடு கைகுலுக்கியவர் என்பது இன்னொரு கதை. ஒரு கதையைச் சொல்பவர்கள் மற்றதைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகத் தொடக்கத்திலிருந்தே போவோம்.

விருந்தாளி என்ற பெயரில்

ஓசில் பிறந்த ஊர் கெல்சன்கிர்ஷன். ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் உள்ள நிலக்கரி நகரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே சுரங்கங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் ஆள் போதவில்லை. 1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் போட்டது. வந்தவர்களுக்கு அந்த நாடு வைத்த பெயர் ‘விருந்தாளித் தொழிலாளர்’. விருந்தாளி என்றால் என்றைக்காவது கிளம்பியாக வேண்டும் அல்லவா? இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிட வேண்டும் என்றுதான் முதலில் விதி இருந்தது. வேலை பழகியவரை அனுப்பிவிட்டு, புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து மறுபடியும் பழக்குவது முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் 1964இல் அந்த வரம்பு போனது. மனிதர்கள் மேல் இரக்கப்பட்டு எடுத்த முடிவு அல்ல அது.

ஓசிலின் குடும்பம் துருக்கியின் கருங்கடல் கரையோரம் உள்ள சோங்குல்தாக் பகுதியிலிருந்து வந்தது. அதுவும் நிலக்கரி மண்தான். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அப்பா கைக்குழந்தைப் பருவம் தாண்டியதும் ஜெர்மனிக்கு வந்துவிட்டவர். 1988இல் மெசூத் பிறக்கும்போது அவர் அந்த மண்ணில் மூன்றாம் தலைமுறை. ஆனாலும் பிறப்பால் அவர் ஜெர்மன் குடிமகன் அல்ல. ஏனென்றால் 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குடியுரிமை மண்ணின் வழியாக வராது, இரத்தத்தின் வழியாக மட்டுமே வரும். அந்த நிலை 2000ஆம் ஆண்டில்தான் மாறத் தொடங்கியது. ஜெர்மன் அணிக்கு ஆட வேண்டும் என்பதற்காகத் துருக்கிக் குடியுரிமையைத் துறந்துதான் ஓசில் ஜெர்மன் குடிமகன் ஆனார்.

இதே அணியில் ஆடிய இன்னும் இரண்டு பேரைப் பாருங்கள். மிரோஸ்லாவ் கிளோசே, லூக்காஸ் பொடோல்ஸ்கி. இருவரும் போலந்தில் பிறந்தவர்கள். சிறுவயதில் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்தவர்கள். முன்னோர் வழியில் ஜெர்மன் இரத்தம் என்று சொல்லி அந்த நாடு அவர்களை ஏற்றுக்கொண்டது. போலந்தில் பிறந்தவர் ஜெர்மானியர். ஜெர்மனியில் பிறந்தவர் வெளிநாட்டவர். பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் ஏற்பாடு எப்படி வேலை செய்யும் என்று இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அவர் குழந்தையாக இருந்த காலத்து ஜெர்மனி எப்படி இருந்தது? 1993 மே 29 அன்று சோலிங்கன் நகரில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்கு இனவெறியர்கள் தீ வைத்தார்கள். பெண்களும் சிறுமிகளுமாக 5 பேர் இறந்தார்கள். அப்போது ஓசிலுக்கு 4 வயது. 2000க்கும் 2007க்கும் இடையில் ஒரு நவநாஜிக் கும்பல் 10 பேரைக் கொன்றது. அதில் 8 பேர் துருக்கிப் பின்னணி கொண்டவர்கள். காவல்துறை நாஜிகளைத் தேடவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களையே சந்தேகித்து விசாரித்தது. ஊடகங்கள் அந்தக் கொலைகளுக்கு ஒரு துருக்கி உணவின் பெயரைச் சூட்டிக் கேலி செய்தன. 2011இல்தான் உண்மை வெளிவந்தது. ஓசில் பந்து பழகிய ஆண்டுகளும் இந்த ஆண்டுகளும் ஒன்றுதான்.

கம்பிவேலிக்குள் இருந்து

அவர் ஆடிப் பழகிய மைதானம் சுற்றிலும் உயர்ந்த வேலி போட்ட ஒரு சிறு திடல். பிள்ளைகள் அதைக் ‘குரங்குக் கூண்டு’ என்று அழைத்தார்கள். அங்கிருந்து ரோட்-வைஸ் எசென் கிளப்பின் இளையோர் அணி, பிறகு சொந்த ஊர் கிளப்பான ஷால்க்கே, அங்கிருந்து 2008இல் வெர்டர் பிரேமன். 2009இல் ஜெர்மன் கோப்பை இறுதிப் போட்டியில் பிரேமன் ஒரே கோலில் வென்றது. அந்தக் கோல் ஓசிலுடையது. அதே ஆண்டு 21 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பிய இறுதிப் போட்டியில் ஜெர்மனி இங்கிலாந்தை 4-0 என்று வீழ்த்தியது. அந்த அணியில் துனீசியத் தந்தைக்குப் பிறந்த சமி கெதிரா இருந்தார். கானா நாட்டுத் தந்தைக்குப் பிறந்த ஜெரோம் போவாட்டெங் இருந்தார். ஓசில் இருந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து உலகக் கோப்பையைத் தூக்கியவர்கள் இவர்கள்தான்.

ஆட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இடது கால் ஆட்டக்காரர். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் திருப்பி யார் எங்கே ஓடுகிறார் என்று பார்த்துவிடுவார். பந்து வந்ததும் ஒரே தொடுதலில் எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவே அனுப்பிவிடுவார். கோல் போட்டவரின் பெயர்தான் பலகையில் வரும். அந்தக் கோலுக்கு வழி திறந்தவர் இவர். 2015-16 பருவத்தில் ஆர்சனல் கிளப்புக்காக இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அவர் எடுத்துக்கொடுத்த கோல்கள் 19. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் ரியல் மாட்ரிட் கிளப்பில் ரொனால்டோவுக்குப் பின்னால் நின்று இதையே செய்தார். அடுத்தவரை உயர்த்துவதுதான் அவர் தொழில்.

2010 அக்டோபர் 8. பெர்லினில் ஜெர்மனிக்கும் துருக்கிக்கும் ஆட்டம். அரங்கத்தில் பல்லாயிரம் துருக்கி ரசிகர்கள். ஓசிலின் காலில் பந்து பட்டபோதெல்லாம் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். எதிரணிக்கு ஆடும் துரோகி என்பது அவர்கள் கணக்கு. அவர் ஒரு கோல் போட்டார். கொண்டாடவில்லை. கைகளைத் தாழ்த்தி அமைதியாக நின்றார். ஜெர்மனி 3-0 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் அந்நாட்டின் தலைமை அமைச்சர் ஏஞ்சலா மெர்கல் உடைமாற்றும் அறைக்கே வந்து ஓசிலின் கையைக் குலுக்கினார். அந்தப் படம் நாடு முழுவதும் போனது.

சரியாக எட்டு நாள் கழித்து, அக்டோபர் 16 அன்று, பாட்ஸ்டாம் நகரில் தன் கட்சியின் இளைஞர் மாநாட்டில் பேசிய அதே மெர்கல், பல பண்பாட்டுச் சமூகம் என்ற முயற்சி முழுத் தோல்வி அடைந்துவிட்டது என்றார். அடுத்த மாதம் ஓசிலுக்கு ‘ஒருங்கிணைவு’க்கான ஊடக விருது கொடுத்தார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, அந்த ஊரோடு நன்றாகச் சேர்ந்துகொண்டதற்காக விருது! கிளோசேவுக்கு இப்படி ஒரு விருது தர யாருக்கும் தோன்றவில்லை. தோழர்களே, யாரையாவது ‘எவ்வளவு நன்றாக நம்மோடு பழகுகிறான்’ என்று மேடையேற்றிப் பாராட்டினால், அந்த ‘நம்’ என்ற சொல்லுக்குள் அவன் இல்லை என்று பொருள்.

பாராட்டின் அடியில் எப்போதும் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. நாட்டுப் பண்ணை வாய்விட்டுப் பாடவில்லை என்று புகார். அந்த நேரத்தில் மனதுக்குள் இறைவனை வேண்டிக்கொள்கிறேன் என்று அவர் விளக்கிய பிறகும் அது ஓயவில்லை. 2016இல் மெக்கா சென்று எடுத்த படத்தைப் போட்டதற்கு, ஜெர்மனிக்கான மாற்று என்ற வலதுசாரிக் கட்சியினர் கண்டித்தார்கள். அதே ஆண்டு அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் கௌலாண்ட், போவாட்டெங்கை மக்கள் ஆட்டக்காரராக விரும்புவார்கள், பக்கத்து வீட்டுக்காரராக விரும்பமாட்டார்கள் என்றார். உலகக் கோப்பை வாங்கித் தந்தவரைப் பற்றிய பேச்சு இது.

ஒரு புகைப்படம்

2018 மே மாதம் லண்டனில் துருக்கி அதிபர் எர்டோவானைச் சந்தித்து ஓசில் படம் எடுத்துக்கொண்டார். உடன் இருந்தவர் இல்காய் குண்டோவான். அவரும் கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர், துருக்கிக் குடும்பம், ஜெர்மன் நடுக்கள ஆட்டக்காரர். துருக்கித் தேர்தலுக்கு ஆறு வாரம் இருந்தது. படத்தை எர்டோவானின் கட்சி பரப்பியது. ஜெர்மனியில் எதிர்ப்பு வெடித்தது. உலகக் கோப்பைக்கு முந்தைய ஆட்டத்தில் சொந்த நாட்டு ரசிகர்களே குண்டோவானைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள்.

ரஷ்யாவில் நடந்த அந்த உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. 1938க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. கடைசி ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அன்று சக வீரர்களுக்கு 7 கோல் வாய்ப்புகளை உருவாக்கித் தந்தவர் ஓசில். ஒன்றையும் யாரும் கோலாக்கவில்லை. ஆனாலும் தோல்விக்கு முகம் தேவைப்பட்டது. அந்த முகம் தயாராக இருந்தது. ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் ரைன்ஹார்ட் கிரிண்டல், படத்தைப் பற்றி ஓசில் வெளிப்படையாக விளக்கம் தரவேண்டும் என்றார். இந்தக் கிரிண்டல்தான் 2004இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது பல பண்பாட்டுச் சமூகம் என்பது பொய் என்று பேசியவர்.

ஜூலை 22 அன்று ஓசில் மூன்று பகுதிகளாக அறிக்கை வெளியிட்டு விலகினார். எர்டோவானைச் சந்தித்தது அரசியல் அல்ல, என் குடும்பத்தின் நாட்டுத் தலைமைப் பதவிக்குத் தந்த மரியாதை என்றார். கிளோசேயையும் பொடோல்ஸ்கியையும் யாரும் ‘ஜெர்மன்-போலந்து வீரர்’ என்று சொல்வதில்லையே, என்னை மட்டும் ஏன் ‘ஜெர்மன்-துருக்கி வீரர்’ என்கிறீர்கள் என்று கேட்டார். மறுநாள் பேயர்ன் மியூனிக் கிளப்பின் தலைவர் உலி ஹோனஸ், பல ஆண்டுகளாகவே ஓசிலின் ஆட்டம் குப்பை என்று பதில் சொன்னார். 92 ஆட்டங்கள், 23 கோல்கள், ஓர் உலகக் கோப்பை. அதற்குக் கிடைத்த பிரியாவிடை இது.

அந்த வாரமே ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதத் தொடங்கினார்கள். பள்ளியில் ஆசிரியர் சொன்னது, வீடு வாடகைக்குக் கேட்டபோது பெயரைக் கேட்டதும் மறுக்கப்பட்டது, வேலைக்கு எழுதியபோது பதிலே வராதது. ஒரு மனிதருக்குள் இரண்டு நாடுகள் இருக்கலாம் என்பது அந்த இணைய இயக்கத்தின் கருத்து. அதைத் தொடங்கிவைத்தவர் அலி ஜான் என்ற இளைஞர். ஒரு பணக்கார வீரரின் மனக்குறை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று, அன்று ஒரு சமூகத்தின் வழக்காக மாறியது.

மறுபாதி

இங்கேயே உரையை முடித்தால் கைதட்டுவீர்கள். ஆனால் அது நேர்மை ஆகாது.

எர்டோவான் யார்? அந்தப் படம் எடுக்கப்பட்டதற்கு மூன்று மாதம் முன்புதான் டெனிஸ் யூசெல் என்ற பத்திரிகையாளர் துருக்கிச் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். ஓராண்டு உள்ளே இருந்தார். அவரும் ஜெர்மனியில் பிறந்த துருக்கிக் குடும்பத்துப் பிள்ளைதான். குர்து மக்களின் கட்சியின் முன்னாள் தலைவர் செலாஹத்தின் தெமிர்தாஷ் அப்போது சிறைக்குள் இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். அந்த எர்டோவானைத்தான் ஓசில் சந்தித்தார். இதே சந்திப்புக்கு அழைக்கப்பட்ட இன்னொரு ஜெர்மன் வீரர் எம்ரே ஜான் போகவில்லை. போகாமல் இருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

இன்னொரு டெனிஸ் இருக்கிறார். டெனிஸ் நாக்கி. அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். ஜெர்மனியின் டியூரன் நகரில் பிறந்த குர்து ஆட்டக்காரர். ஜெர்மனியின் இளையோர் அணிகளில் ஆடியவர். பிறகு குர்து மக்களின் பெருநகரமான தியார்பக்கிரின் அமெத்ஸ்போர் கிளப்புக்குப் போனார். அங்கே நடந்த இராணுவ நடவடிக்கைகளைப் பற்றி எழுதினார். 2017இல் ‘பயங்கரவாதப் பிரச்சாரம்’ என்று நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. 2018 ஜனவரியில் ஜெர்மன் நெடுஞ்சாலையில் அவர் ஓட்டிச்சென்ற கார் மீது துப்பாக்கிச் சூடு. அதே மாதம் துருக்கிக் கால்பந்துச் சங்கம் அவருக்கு மூன்றரை ஆண்டுத் தடை விதித்தது. இவரும் இரட்டைப் பின்னணி கொண்டவர்தான், இவருக்கும் இரண்டு நாடுகள்தான். ஆனால் இவரை எந்தத் தலைவரும் படமெடுக்க அழைக்கவில்லை.

ஓசில் 2019இல் திருமணம் செய்துகொண்டபோது சாட்சியாக நின்றவர் எர்டோவான். அதே ஆண்டு டிசம்பரில் சீனாவில் உய்கூர் முஸ்லிம்கள் ஒடுக்கப்படுவதைக் கண்டித்து ஓசில் எழுதினார். அது துணிச்சலான செயல், மறுக்கவில்லை. சீன அரசுத் தொலைக்காட்சி ஆர்சனல் ஆட்டத்தையே ஒளிபரப்பாமல் நிறுத்தியது. அவருடைய கிளப் தனக்கும் அந்தக் கருத்துக்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. ஆனால் உய்கூர் மக்களுக்காகத் திறந்த வாய் குர்து மக்களுக்காகத் திறக்கவில்லை. பிறகு துருக்கியின் ஃபெனர்பாச்சே, பஷாக்‌ஷெஹிர் கிளப்புகளில் ஆடி 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு வெளியான ஒரு படத்தில் அவர் மார்பில் ‘சாம்பல் ஓநாய்கள்’ இயக்கத்தின் சின்னம் பச்சை குத்தப்பட்டிருந்தது. துருக்கியப் பேரினவாத இயக்கம் அது. 1978இல் மராஷ் நகரில் அலெவி மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதில் அதன் ஆட்களுக்குப் பங்கு உண்டு. 2025 பிப்ரவரியில் ஓசில் எர்டோவான் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர் ஆனார்.

ஒரு நாட்டின் இரத்தப் பெருமையால் காயப்பட்டவர், இன்னொரு நாட்டின் இரத்தப் பெருமையில் போய் ஆறுதல் தேடினார். அவமானம் ஒருவரை விடுதலையின் பக்கம் தானாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாது. என்னை ஒதுக்கிய வீட்டைப் போலவே ஒரு வீடு வேண்டும், அதில் நான் சொந்தக்காரனாக இருக்க வேண்டும் என்ற ஆசையையும் அது விதைக்கும். அங்கே வாசலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேட்பவர்கள்தான் நம் தோழர்கள்.

அப்படியானால் 2018இல் அவரைத் தாக்கியவர்கள் செய்தது சரியா? இல்லை. இதை நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். எர்டோவானை ஆதரித்ததற்காக ஓசிலை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். ஒரு ஜெர்மன் குடிமகனை அவர் அரசியலுக்காக விமர்சிப்பது வேறு. ‘நீ இந்த நாட்டுக்காரனே இல்லை’ என்பது வேறு. ஜெர்மன் வீரர் லோத்தர் மத்தேயுஸ் அதே உலகக் கோப்பையின் போது புதினைச் சந்தித்துக் கைகுலுக்கினார். அவருடைய குடியுரிமையை யாரும் கேள்வி கேட்கவில்லை. தவறு செய்யும் உரிமைகூட பிறப்பைப் பார்த்துத்தான் கிடைக்கிறது.

நல்லவராக, நன்றியுள்ளவராக, திறமைசாலியாக இருந்தால் மட்டும் உனக்கு இடம் உண்டு என்றால் அதற்குப் பெயர் சமத்துவம் அல்ல. தவணை முறையில் தரும் அனுமதி. ஓர் ஆட்டம் தோற்றால் தவணை தவறிவிடும்.

குண்டோவான் அணியிலேயே இருந்தார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மன் அணியின் கேப்டனாக நின்றார். துருக்கிப் பின்னணி கொண்ட ஒருவர் பெரிய தொடரில் அந்தக் கைப்பட்டையை அணிந்தது அதுவே முதல்முறை. அந்தத் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஜூன் 27 அன்று, ஒருவர் இரண்டு குடியுரிமைகளை வைத்திருக்க அனுமதிக்கும் புதிய சட்டம் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. ஓசிலிடம் கேட்ட விலையை இனி ஒரு சிறுவனிடம் கேட்க முடியாது. இது அரசு மனமிரங்கித் தந்தது அல்ல. அறுபது ஆண்டுகளாக அங்கே உழைத்த மக்கள் கேட்டுக் கேட்டுப் பெற்றது.

கடைசியாக ஒன்று. அந்தக் கம்பிவேலித் திடலில் ஓசிலோடு இன்னும் பல பிள்ளைகள் ஆடியிருப்பார்கள். அவர்களுடைய கால்களில் அந்த மந்திரம் இல்லை. அவர்களில் ஒருவர் இன்று பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கலாம், ஒருவர் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்துகொண்டிருக்கலாம். அவர்களை வரவேற்க எந்தத் தலைமை அமைச்சரும் வரப்போவதில்லை, விருதும் கிடைக்காது. எந்தக் கோப்பையும் வெல்லாத அவர்களுக்கு அந்த நாட்டில் என்ன மரியாதை கிடைக்கிறது? ஓசிலுக்கு நடந்ததைப் பேசும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.